சிவிலைசேஷன் 6 மல்டிபிளேயர்: பழம் தின்று கொட்டை போட்டவர்களோடு முதல் ஆட்டம், எங்கிருந்து தொடங்குவது?

புதுக்குடியேறி:

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் மூன்று பேர் சில வருடங்களாக சிவிலைசேஷன் 6 (நகரம் நட்டு நாடு வளர்க்கும் கணினி உத்தி விளையாட்டு) சேர்ந்து ஆடி வருகிறார்கள். நாலாவது ஆள் ஊர் மாறிப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். பிளே பை கிளவுட் முறை. ஒருவர் தன் டர்ன் (ஆடும் முறை) முடித்ததும் அடுத்தவருக்கு ஸ்டீமில் அறிவிப்பு வரும். நாலு பேரும் மனிதர்கள், ஏஐ கிடையாது. ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற இரண்டு விரிவாக்கங்களும் உண்டு. மோட் எதுவும் இல்லை. ஆன்லைன் வேகம், அதாவது எல்லாம் சீக்கிரம் முடியும் அமைப்பு.

எனக்கு ரோம் நாடு, தலைவர் டிராஜன். கிழக்கே பக்கத்திலேயே சுமேரியாவின் கில்கமேஷ். அதற்கு அப்பால் கொரியா. நாலாமவரை இன்னும் பார்க்கவில்லை.

தனியாக ஆடினால் எம்பரர் என்ற கடினமான லெவலில் ஜெயித்துவிடுவேன். மனிதர்களோடு இதுதான் முதல் ஆட்டம். நேற்று என் ஸ்கவுட் (வேவு பார்க்கும் யூனிட்) கிழக்கே போனபோது சுமேரியாவின் வார் கார்ட் (போர் வண்டி) இரண்டு கண்ணில் பட்டன. என் கையில் இருப்பது ஒரே ஒரு வாரியர் (தொடக்கக் காலாட்படை). ஸ்பியர்மேன் (ஈட்டிப்படை) கட்டினால் தடுக்க முடியுமா? வழக்கமாக நான் முதலில் கட்டும் ஸ்டோன்ஹெஞ்ச் அதிசயத்தை (ஒருவர் மட்டுமே கட்டக்கூடியது) இந்த ஆட்டத்தில் கட்டலாமா? பொதுவாகவே மனிதர்களோடு ஆடும்போது எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? அனுபவசாலிகள் சொன்னால் பெரிய உதவி.

கோட்டைச்சுவர்:

வாங்க நண்பரே. ஸ்பியர்மேன் வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பலம் 25. குதிரைப்படை வகையோடு மோதினால் மேலும் 10 கிடைக்கும். ஆனால் சுமேரியாவின் வார் கார்ட்டிடம் அந்த 10 செல்லாது. யூனிட் விவரத்திலேயே போட்டிருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. 30 பலம் கொண்ட வண்டி, எந்தத் தொழில்நுட்பமும் ஆராயாமல் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கட்டலாம். கில்கமேஷ் பக்கத்தில் வந்தால் எல்லோரும் பதறுவது இதனால்தான்.

சண்டைக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இரண்டு யூனிட்டும் சமபலம் என்றால் ஒரு மோதலில் ஒவ்வொன்றுக்கும் 100 உயிர்ப்புள்ளியில் சராசரியாக 30 போகும். பலத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் வந்தால் சுமார் 4 சதவீதம் ஏறும் அல்லது இறங்கும். உங்கள் வாரியர் 20, அவர் வண்டி 30. வெட்டவெளியில் மோதினால் உங்களுக்குச் சுமார் 45 போகும், அவருக்கு 20தான் போகும். மூன்றாவது மோதலில் வாரியர் இருக்காது.

இப்போது அதே வாரியரைக் காடு மூடிய குன்றின் மேல் ஏற்றுங்கள். குன்றுக்கு 3, காட்டுக்கு 3. இரண்டு டர்ன் அசையாமல் ஃபோர்ட்டிஃபை செய்தால் (அரணாக நின்றால்) இன்னொரு 6. ஆக 32. அவர் ஆற்றைத் தாண்டித்தான் அடிக்க முடியும் என்றால் மேலும் 5 உங்கள் பக்கம். ஒரு பைசா செலவில்லாமல் 20 பலம் 37 ஆகிவிட்டது. பின்னால் ஒரு ஆர்ச்சர் (வில்லாளி) நின்றால், அதன் தூரபலம் 25. இரண்டு கட்டம் தள்ளி நின்று ஒவ்வொரு அம்புக்கும் வண்டியிடமிருந்து சுமார் 25 எடுத்துவிடும், பதிலுக்கு அடி விழாது. வண்டி சமவெளியில் கிளம்பினால் நாலு கட்டம் ஓடும். குன்றும் காடும் குறுக்கே வந்தால் அந்த ஓட்டமெல்லாம் செல்லாது.

உங்களுக்கும் அவருக்கும் நடுவே அப்படி ஒரு குன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது நகரம் எங்கே என்ற கேள்விக்கும் அநேகமாக அதுதான் பதில்.

ஆர்ச்சருக்குக் குறுக்குவழி: ஒரு ஸ்லிங்கர் (கவண் வீசுபவர்) கட்டி, அடிபட்ட பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக்கூட்டம்) எதையாவது அந்த ஸ்லிங்கரின் கையால் கொல்லுங்கள். ஆர்ச்சரி ஆராய்ச்சியில் 40 சதவீதம் இலவசம். கடைசி அடி ஸ்லிங்கருடையதாக இருக்க வேண்டும். வாரியர் முந்திக்கொண்டால் கிடைக்காது.

நெடுங்காலம்:

ஒரு நிமிடம் நண்பரே. இதற்கு மேல் போகும் முன் கேட்கிறேன், நீங்கள் இங்கே ஆலோசனை கேட்பது உங்கள் குழுவுக்குத் தெரியுமா?

கோட்டைச்சுவர் சொன்னது விதியும் எண்ணும். அது எல்லோருக்கும் பொது. ஆனால் நாளைக்கு நீங்கள் ஸ்கிரீன்ஷாட் போட்டு "இந்த டர்னில் என்ன செய்ய?" என்று கேட்டால், அந்த மூன்று பேரும் உங்களோடு ஆடவில்லை, இங்கே இருக்கும் எல்லோரோடும் ஆடுகிறார்கள். பார்வையாளர் ஆலோசனை சொல்லலாம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு, அதில் தப்பே இல்லை. பேசாமல் செய்வதுதான் கூடாது.

கடைசிடர்ன்:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மூன்று பேரும் வருடக்கணக்காக ஆடியவர்கள். இவர் புதியவர். நாம் நாலு வார்த்தை சொன்னால்கூட அந்த இடைவெளி நிரம்பாது. புதியவர் முப்பது டர்னில் செத்துப்போனால் அந்த ஆட்டம் மற்றவர்களுக்கும் கெட்டுத்தான் போகும். அவர் நிலத்தைத் தின்றவர் ஜெயித்துவிடுவார்.

மஞ்சள்முகில்:

தம்பி கடைசிடர்ன், இடைவெளி இருப்பது உண்மைதான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த நாலு பேர், நாம் இல்லை. கேட்டால் பெரும்பாலும் "கேள், கேள்" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் செய்து பிறகு தெரியவந்தால் இந்த ஆட்டம் மட்டுமில்லை, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரோடு இருக்கும் உறவும் கசந்துபோகும். ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுவிடுங்கள், புதுக்குடியேறி.

புதுக்குடியேறி:

கேட்டுவிட்டேன் அக்கா. விதிகள், பொதுவான உத்தி பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், நடப்பு வரைபடத்தைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொரியாவாக ஆடுபவர் சந்தோஷமாகவே சொன்னார். ஆகவே படம் போட மாட்டேன், இந்த டர்ன் நிலவரமும் எழுத மாட்டேன். நெடுங்காலம் ஐயாவுக்கு நன்றி.

மஞ்சள்முகில்:

ரொம்ப நல்லது. இப்போது ஸ்டோன்ஹெஞ்சுக்கு வருகிறேன்.

ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் விலை 180 உற்பத்தி. முதல் செட்லர் (புதிய நகரம் நடும் யூனிட்) 80, இரண்டாவது 110, ஒவ்வொன்று கட்டும்போதும் 30 ஏறும். (ஆன்லைன் வேகத்தில் எல்லாமே பாதி, விகிதம் மாறாது.) அதாவது ஒரு ஸ்டோன்ஹெஞ்சும் இரண்டு புதிய நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே விலை. அந்த இரண்டு நகரங்களும் ஆட்டம் முடியும் வரை மக்கள்தொகை, உற்பத்தி, எல்லை என்று கொடுத்துக்கொண்டே இருக்கும். அதிசயத்தை வேறு யாராவது உங்களுக்கு முன் முடித்துவிட்டால் அத்தனை டர்ன் உழைப்பும் போச்சு. மனிதர்களோடு ஆடும்போது அது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். இன்னொன்றும் இருக்கிறது. தலைநகரம் பத்துப் பதினைந்து டர்ன் அதிசயம் கட்டுகிறது என்றால் அந்த நேரத்தில் படை கட்டவில்லை என்று அர்த்தம். அனுபவசாலி அதைத்தான் முதலில் கவனிப்பார்.

ரோம் புதியவருக்கு அருமையான தேர்வு. நகரம் நட்ட உடனே மான்யுமெண்ட் இலவசம், அதனால் கலாச்சாரம் மற்றவர்களைவிட வேகமாக ஓடும். மொத்த மக்கள்தொகை 6 ஆனால் எர்லி எம்பயர் என்ற கலாச்சார ஆய்வுக்கு உந்துதல் (ஒரு பகுதி இலவசம்) கிடைக்கும். அது முடிந்ததும் காலனைசேஷன் பாலிசி, செட்லர் உற்பத்திக்கு 50 சதவீதம் கூடுதல். அந்தப் பாலிசி இருக்கும்போது செட்லரைத் தொடர்ந்து கட்டி முடித்துவிட வேண்டும். நகரத்தில் 2 பேராவது இருந்தால்தான் செட்லர் கட்ட முடியும், கட்டினால் ஒருவர் குறைவார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தயவுசெய்து செட்லரைத் தனியே அனுப்பாதீர்கள். ஏஐ சில சமயம் கண்டும் காணாமல் போகும். மனிதர் போர் அறிவித்து, அந்த டர்னிலேயே பிடித்துக்கொண்டு போய் அதில் தன் நகரத்தை நடுவார்.

வடமராட்சிக்காற்று:

தம்பி, டொராண்டோவில இருந்து எழுதுறன். எல்லாரும் படையைப் பற்றித்தான் எழுதியிருக்கினம். நான் வேற ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ.

சுமேரியாக்காரர் உங்களோட இன்னும் ஒரு வார்த்தை கதைச்சவரோ? கதைக்காட்டி நீங்களே போய்க் கதையுங்கோ. 1991ல வந்த முதல் சிவிலைசேஷன் தனி ஆளுக்கான ஆட்டம். 1995ல சிவ்நெட் வந்த பிறகுதான் மனிசரோட மனிசர் விளையாட வழி வந்தது. அப்பயிருந்து இண்டைக்கு வரைக்கும் மாறாத விசயம் ஒண்டு இருக்கு. நாலு பேர் ஆட்டத்தில ரெண்டு பேர் சண்டை பிடிச்சால், மற்ற ரெண்டு பேருக்கும்தான் லாபம். இது உங்கட எதிராளிக்கும் நல்லாத் தெரியும். அனுபவசாலியெண்டபடியால்தான் அவரோட கதைக்கலாம், அவர் கணக்குப் பார்க்கிற ஆள்.

வார் கார்ட்டைக் கண்டவுடன உங்களை அடிக்கத்தான் வாறார் எண்டு நினைக்காதேங்கோ. கில்கமேசுக்கு ஒரு சிறப்பு இருக்கு. பார்பேரியன் முகாமை உடைச்சால் வழமையான பணத்தோட, பழங்குடிக் குடிசையில கிடைக்கிற மாதிரி ஒரு பரிசும் கிடைக்கும். அதனால அவர் முகாம் தேடித்தான் வண்டியை அலைய விடுவார். உங்கட எல்லைக்குப் பக்கத்தில முகாம் ஒண்டு இருந்தால், அது உங்களுக்கு ஆபத்து, அவருக்குப் பரிசு. "அந்த முகாம் உங்களுக்குத்தான், நான் தொடமாட்டன். முடிச்சிட்டு வண்டியை ஆத்துக்கு அங்கால கொண்டு போங்கோ" எண்டு ஒரு மெசேஜ் அனுப்புங்கோ. உங்களுக்கு ஒரு சதம் செலவில்லை. அவருக்கு உங்களை விட்டு வைக்கிறதால லாபம் இருக்கு எண்டு காட்டியாச்சு. ஆத்தைக் கடந்து வாறாரோ போறாரோ எண்டதில அவற்ர மனசையும் அறியலாம்.

கோட்டைச்சுவர்:

அண்ணை சொன்ன முகாம் யோசனை அபாரம். எனக்கு இது தோன்றவே இல்லை.

முகாம் பற்றி ஒரு சின்னத் தகவல், புதுக்குடியேறிக்கு. பார்பேரியன் ஸ்கவுட் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டால் அதன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி வரும். அது திரும்பி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால் கூட்டமாகக் கிளம்பி வருவார்கள். அந்த ஸ்கவுட்டை வழியிலேயே மடக்கிவிட்டால் தலைவலி இல்லை.

கடைசிடர்ன்:

பேச்சு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெறும் பேச்சு எத்தனை நாளைக்கு? புதியவர்கள் செய்யும் வழக்கமான காரியம், கண்ணில் பட்ட எல்லோரிடமும் "நண்பர்களாக இருப்போம்" என்று போய் நிற்பது. பழைய ஆட்டக்காரர் அதைக் கேட்டவுடன் படையில்லை என்று புரிந்துகொள்வார். ரோமுக்கு லீஜியன் என்ற வாள்படை இருக்கிறது, 40 பலம். மூன்று பார்பேரியனைக் கொன்றால் ப்ரான்ஸ் வொர்க்கிங் (வெண்கலத் தொழில்நுட்பம்) ஆராய்ச்சிக்கு உந்துதல், இரும்புச் சுரங்கம் போட்டால் அயர்ன் வொர்க்கிங் (இரும்புத் தொழில்நுட்பம்) ஆராய்ச்சிக்கு உந்துதல். லீஜியன் வந்ததும் கிழக்கே இறங்க வேண்டும். வண்டிக்கு எதிராக இப்போது நீங்கள் 45 எடுப்பீர்கள், அவர் 20 எடுப்பார். முதலில் அடிப்பவன் கைதான் ஓங்கும்.

நெடுங்காலம்:

லீஜியன் நல்ல படைதான். ஆனால் லீஜியனோடு ரோம் வரும் என்று சுமேரியாவாக ஆடுபவருக்குத் தெரியாதா? முதல் டர்னிலிருந்தே தெரியும். அதற்குள் மதில் கட்டியிருப்பார். ஏன்ஷியண்ட் வால்ஸ் (முதல் மதில்) விலை ஸ்டாண்டர்ட் வேகத்தில் 80தான். மதில் இல்லாத நகரம் அம்பு எய்யாது, மதில் எழுந்தால் எய்யத் தொடங்கும். வாள்படை மதிலை அடித்தால் ஒரு சிறு பகுதி சேதம்தான் விழும், அதற்குப் பேட்டரிங் ராம் (மதில் இடிக்கும் பொறி) கூடவே வர வேண்டும். ராமையும் லீஜியனையும் சேர்த்து நகர்த்தி, பின்னால் ஆர்ச்சர் வைத்து, மனிதர் காக்கும் நகரத்தைப் பிடிப்பது முதல் ஆட்டக்காரருக்கு ஏற்ற வேலை இல்லை. தோற்றால் படையும் போகும், அந்த நேரத்தில் கொரியா ஆராய்ச்சியில் எங்கேயோ போயிருக்கும்.

என்னைக் கேட்டால் புதியவரின் இலக்கு ஒன்றே ஒன்று. உங்களை அடிப்பது நஷ்டம் என்று பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போட வேண்டும். அதற்கு அவரைவிடப் பெரிய படை வேண்டாம். குன்றின் மேல் ஒரு வாரியர், பின்னால் இரண்டு மூன்று ஆர்ச்சர், எல்லை நகரத்தில் மதில். இதை உடைக்க அவர் ஆறேழு யூனிட் கட்டியாக வேண்டும். அதே உற்பத்திக்கு இரண்டு மூன்று செட்லர் கிடைக்கும் என்பதால் அவர் வேறு பக்கம் பார்ப்பார். அனுபவமுள்ளவர்கள் பழிவாங்க ஆடுவதில்லை, மலிவாக எது கிடைக்கும் என்று பார்த்து ஆடுகிறார்கள். அண்ணை சொன்ன பேச்சும் இதற்குப் பிறகுதான் எடுபடும். கையில் ஆர்ச்சர் இருப்பவர் சமாதானம் பேசினால் அது யோசனை. எதுவும் இல்லாதவர் பேசினால் கெஞ்சல்.

வடமராட்சிக்காற்று:

ஓம், இதை ஒத்துக்கொள்ளுறன். ஆர்ச்சரும் வேணும், கதையும் வேணும். ஆனால் ஆர்ச்சர் வரும்வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கக் கூடாது. முதல் பத்து டர்னுக்குள்ள கதைச்சிடோணும். மற்றது, சுமேரியாவோட மட்டுமில்லை, கொரியாவோடயும் கதையுங்கோ. அவருக்கும் கில்கமேஸ் பக்கத்து வீடுதானே, அவருக்கும் அந்தப் பயம் இருக்கும். சுமேரியா ஆரை அடிச்சாலும் மற்றவர் பின்பக்கம் வருவார் எண்டு ரெண்டு பேரும் பேசி வைச்சால் ரெண்டு பேரும் நிம்மதியா நகரம் கட்டலாம்.

நிலவரைபடம்:

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் கேட்கிறேன், மன்னிக்கவும். 2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7ல் சோழர்கள் இருக்கிறார்களே. புதிதாகத் தொடங்குபவர் அதிலேயே தொடங்கலாமே?

மஞ்சள்முகில்:

சோழர் வந்தது எனக்கும் பெரிய சந்தோஷம். கடல் வணிகமும் கப்பல்படையுமாக அந்தப் பெயரை உலகம் முழுக்க ஆடுபவர்கள் சொல்வதைக் கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் மல்டிபிளேயருக்கு நல்ல பதிப்பு எது என்றால், கூட ஆட ஆள் இருக்கும் பதிப்புதான். அவருடைய மூன்று நண்பர்களும் 6ல் இருக்கிறார்கள், அவரும் அங்கேயே இருக்கட்டும்.

நிலவரைபடம்:

சரி அக்கா. அப்படியானால் பிளே பை கிளவுட் பற்றி என் பங்குக்கு. டர்னுக்கும் டர்னுக்கும் நடுவே ஒரு நாள்கூட ஆகலாம். நேற்று எதற்காக அந்த ஸ்கவுட்டை வடக்கே அனுப்பினோம் என்பது இன்று நினைவிருக்காது. வரைபடத்தில் குறி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நகரம் இங்கே, கேம்பஸ் (ஆராய்ச்சிக்கான பகுதி) இங்கே, இந்தக் காட்டை வெட்டக் கூடாது என்று. குறி வைக்கும் பெட்டியிலேயே அது யாருக்குத் தெரியலாம் என்று தேர்வு இருக்கும். உங்களுக்கு மட்டும் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். நகரங்களுக்கு நடுவே குறைந்தது மூன்று கட்டம் விட வேண்டும், அதற்கு மேல் அகலமாக விட்டால் நடுவே எதிராளி வந்து நடுவார். நன்னீர் ஓரம் என்றால் வீட்டுவசதி 5, தண்ணீரே இல்லையென்றால் 2. ஆனால் எல்லையில் குன்று முக்கியம் என்றால் தண்ணீரை விட்டுக்கொடுக்கலாம்.

யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எந்த டர்னில் கொடுத்தோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நட்பு அறிவித்தால் அதன் காலம் முடியும் வரை இரு தரப்பும் போர் அறிவிக்க முடியாது. முடியும் டர்ன் எது என்று அனுபவசாலி எழுதி வைத்திருப்பார், நீங்களும் எழுதி வையுங்கள்.

கடைசிடர்ன்:

நெடுங்காலம் அண்ணன் சொன்ன மதில் விஷயத்தை யோசித்தேன். முதல் ஆட்டத்துக்கு லீஜியனைத் தற்காப்புக்கும் வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் யாராவது சுமேரியாவோடு போரில் இறங்கி அவர் படை மறுபக்கம் போய்விட்டால் அந்த வாய்ப்பை விடாதீர்கள். அது என் உறுதியான கருத்து.

நெடுங்காலம்:

அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

இன்னொன்று, யாரும் இதுவரை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நிலைமை மோசமானால் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடாதீர்கள். நீங்கள் போனால் அந்த இடத்தை ஏஐ எடுத்துக்கொள்ளும். ஏஐ கையில் இருக்கும் நகரங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு விருந்து. மற்ற இரண்டு பேரும் எந்தத் தப்பும் செய்யாமல் தோற்றுப்போவார்கள். இரண்டே நகரம் மிஞ்சினாலும் உங்களிடம் ஒரு மதிப்பு இருக்கிறது. யார் பக்கம் சாய்கிறீர்கள், யாருக்கு இரும்பு விற்கிறீர்கள், யார் படையை எத்தனை டர்ன் தாமதப்படுத்துகிறீர்கள் என்பதில் ஆட்டம் திரும்பும். வாழ்க்கையில் நேரமே இல்லாமல் போனால் குழுவிடம் சொல்லி மாற்று ஆள் தேடுங்கள். கடைசி வரை நின்று ஆடும் புதியவரைத்தான் எந்தக் குழுவும் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடும். எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதுக்குடியேறி:

நண்பர்களே, கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். எல்லோருடைய பதிலையும் பலமுறை வாசித்தேன். நடந்து முடிந்ததை எழுதலாம் என்று குழுவில் சம்மதம் வாங்கிவிட்டேன்.

முகாமைப் பற்றி சுமேரியாக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "நல்ல பேரம்தான். யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். வண்டிகள் வந்தன, முகாமை உடைத்தன, அடுத்த இரண்டு டர்னில் ஆற்றுக்கு அப்பால் போய்விட்டன. இரண்டாவது நகரத்தை ஆற்றங்கரைக் குன்றின் மேல் நட்டேன். நன்னீரும் கிடைத்தது, குன்றும் கிடைத்தது. அங்கே இப்போது மதிலும் இரண்டு ஆர்ச்சரும். காலனைசேஷன் இருந்தபோது மேற்கே இரண்டு நகரம் நட்டுவிட்டேன். ஸ்டோன்ஹெஞ்சைக் கொரியா கட்டிக்கொண்டது. நாலாமவர் பிரேசில், கடலுக்கு அப்பால் இருக்கிறார். கொரியாவோடு நட்பு அறிவித்திருக்கிறோம், முடியும் டர்ன் நோட்டில் இருக்கிறது.

இப்போது ஒரு பொதுக் கேள்வி. ஓப்பன் பார்டர்ஸ் (அவர்கள் யூனிட் நம் எல்லைக்குள் வர அனுமதி) கேட்டு பக்கத்து நாட்டிலிருந்து வந்தால் கொடுக்கலாமா? மாட்டேன் என்றால் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமா?

வடமராட்சிக்காற்று:

நல்லாச் செய்திருக்கிறியள் தம்பி, வாசிக்கவே சந்தோசமா இருக்கு.

ஓப்பன் பார்டர்ஸ் எண்டால் அவற்ர ஆள் உங்கட வீட்டுக்குள்ள வந்து எத்தினை ஆர்ச்சர் நிக்குது, எந்த நகரத்துக்கு மதில் இல்லை எண்டு எண்ணிப்போட்டுப் போவார். மறுக்கிறதில ஒரு மரியாதைக்குறைவும் இல்லை. "ஏன் வேணும்?" எண்டு கேளுங்கோ. மேற்கால கடலைப் பார்க்கோணும் எண்டு சொன்னால், "நான் வரைபடம் சொல்லுறன், ஸ்கவுட் வரத் தேவையில்லை" எண்டு சொல்லுங்கோ.

கோட்டைச்சுவர்:

கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் இரு பக்கமும் திறக்கும்படி கேளுங்கள், உங்கள் ஸ்கவுட்டும் அதே டர்னில் உள்ளே போகட்டும். மேற்கே இருக்கும் இரண்டு புதிய நகரத்திலும் தலா ஒரு ஆர்ச்சராவது நிற்கும் வரை அதற்கும் சம்மதிக்க வேண்டாம்.